இருபத்திரண்டு விநாடி

“அந்த மாமாவுக்குத்தான் இவ்ளோ பெரிய வீடு இருக்கே, அப்புறம் எதுக்கும்மா தப்பிச்சுப் போறாரு?” படத்தொகுப்பு அறைக்கு ஒருநாள் கூட வந்திருந்த மகள், திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அம்மா படத்தொகுப்பாளர். ஏழு மாதமாக அதே படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கைநிறையச் சம்பளம் வாங்கும் இளம் தம்பதி, வேலையை உதறிவிட்டுச் சுதந்திரமாக வாழ ஒரு வேனில் கிளம்புகிறார்கள். மசாஜ் நாற்காலி முதல் காபி மெஷின் வரை எதையும் விட்டுவர மனமில்லை. நகைச்சுவைப் படம்தான். அவளுக்குச் சிரிப்பு வற்றிப் பல வாரமாகிவிட்டது.

இன்று மதியம் இயக்குநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருபத்திரண்டு செகண்ட் நிக்குது. அந்தச் சுமை தூக்குற பெரியவர் சீனைத் தூக்கிடுங்க. கணக்கு சரியாப் போயிடும்.”

“படத்துலயே அதுதான் தம்பி நல்ல ஜோக்கு.”

“நம்ம படத்துல ஜோக்குக்கா பஞ்சம்? நீளம் சரியா இருந்தாப் போதும், சாயங்காலம் அனுப்பிடுங்க. நான் புதுக் கார் எடுக்கப் போறேன்.”

பெரியவருக்கு இருப்பது அந்த ஒரே வசனம். கடைசிப் பெட்டியை வேனில் திணித்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்பார்: “எல்லாத்தையும் ஏத்தியாச்சு. நீங்க எங்க உக்காருவீங்க?” அந்த வேடத்தில் நடித்தவர் காலையில்தான் போன் செய்திருந்தார். “படத்துல நான் இருக்கேனாம்மா? வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வரேன்னு வாயை விட்டுட்டேன்.”

பதினோரு வருடத்துக்கு முன் வேறொரு படத்தில் அவள் வெறும் உதவியாளர். அவர் நடித்த காட்சியை நகலெடுக்கும் முன்பே கேமரா கார்டை அழித்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தவர் நேரே அந்தப் படத்து இயக்குநரிடம் போனார். “நான்தான் சார் சொதப்பிட்டேன். மறுபடி எடுத்துடலாம்.” கிடைத்த திட்டு பத்துப் பேருக்குக் காணும். அவள் வேலை தப்பியது. அவரை அதன்பிறகு பெரிய வேடத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு விநாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம். கதாநாயகன் கூலிங் கிளாஸ் கழற்றுமிடத்தில் மூன்று ஃபிரேம். மூடிய கதவு சும்மா நிற்குமிடத்தில் நாலு. பெரியவரைத் தொடாமல், யார் கண்ணுக்கும் தெரியாமல், படம் முழுக்கக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். தோள்பட்டை கடுத்தது. ஐந்து மணிக்கு இருபத்திரண்டு விநாடி சேர்ந்துவிட்டது.

உடனே அனுப்பவில்லை. கதாநாயகனின் நடையில் இன்னும் பன்னிரண்டு ஃபிரேம் கிள்ளி, பெரியவரின் கேள்வி முடிந்ததும் அவசரமாக வெட்டியிருந்த இடத்தை அந்த அளவுக்கு நீட்டினாள்.

திரையில் பெரியவர் ஒரு கையை வேன் கதவில் ஊன்றியபடி, பதிலுக்காக அரை விநாடி கூடுதலாகக் காத்திருந்தார்.