நிசப்தன் பேசாமல் போன பதினொரு இடங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை வேறொரு வேலையைத் தட்டிக்கழிப்பதற்காக எழுதப்படுகிறது. எங்கள் காமிக்ஸ் கம்பெனி தன் வில்லன்களுக்கெல்லாம் ஒரு கையேடு போடுகிறது. நிசப்தனுக்கு அறுநூறு சொல் ஒதுக்கி என் தலையில் கட்டினார்கள். பிறப்பு, சக்திகள், உருவாக்கியவர். முதல் இரண்டும் ஒரே காலையில் முடிந்தன. மூன்றாவதில் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'மன்ஹாட்டனின் பாதாளச் சுரங்கங்களில், ஒலியே நுழைய அஞ்சும் இருளில்'

வேண்டாம். நாற்பது வருடமாக இப்படித்தான் தொடங்குகிறோம். படிக்கிறவர்களுக்கும் கூச்சமில்லை, எங்களுக்கும் இல்லை.

தொடக்கம் இரண்டு: 'நிசப்தன் பிறந்தது'

எங்கே? அவனுக்கு ஏழு பிறப்புகள். ஒரு கதாசிரியர் அவனை ஓபரா பாடகியின் மகனாக்கினார். அடுத்தவர் துறவியாக்கினார். மூன்றாமவர், இவன் அசல் நிசப்தனே இல்லை, அவனுடைய நகல் என்று எழுதிவிட்டுக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். நான்கு முறை செத்திருக்கிறான்.* சக்தி, எதிரியின் குரலை விழுங்குவது. பிறகு ரயில் சத்தத்தையும் விழுங்கினான். விற்பனை சரிந்த வருடம் துப்பாக்கிக் குண்டையும் விழுங்கினான்.

(* ஒருமுறைதான் சவ அடக்கம். மற்ற மூன்றுக்கும் பக்கம் போதவில்லை.)

3

இனி உருவாக்கியவர். கம்பெனி சொல்வது ரஸ் ஹாலரன், அன்றைய ஆசிரியர். எண்பத்தொரு வயதிலும் தலைமுடிக்குச் சாயம், கண்காட்சிகளில் கையெழுத்து. கையேட்டுக்கு முன்னுரையும் அவர்தான்.

நடந்தது வேறு. எங்கள் தொழிலில் படம் முதலில் வரும், வசனம் பிறகு. வரைந்த பக்கத்தைப் பார்த்து ரஸ் வசனம் எழுதுவார். டோரீன் கசாரியன் அதைத் தன் கையெழுத்தால் பலூன்களில், அதாவது பாத்திரங்களின் வாயருகே வரும் பேச்சுக் குமிழ்களில், எழுதுவாள். பக்கம் தாமதமாக வந்தால் தனித்தாளில் எழுதி, வெட்டி, படத்தின் மேல் ஒட்டுவாள். நிசப்தன் முதலில் வந்த இதழும் தாமதம். அப்போது அவன் பேச்சாலேயே ஊரை வசியம் செய்து வாயடைக்கிறவன், பெயரும் அதனால்தான். 'இவன் பேசினால் நீ செத்தாய்' என்று அட்டையில் கொட்டை எழுத்து. உள்ளே அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய பதினொரு பலூன்களும் ஒட்டப்படவே இல்லை. ரஸ் அச்சுக்கு முன் பார்க்கவில்லை. தான் எழுதியதைத் தானே படிக்கிற தண்டனை அவருக்கு எதற்கு?

இதழ் கடைக்கு வந்த அன்றே டோரீனுக்கு வேலை போனது.

மூன்று வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. எங்கள் வாசகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிழையைக் கண்டுபிடிப்பவனை அவர்கள் மதிப்பதில்லை. அது பிழையே இல்லை என்று நிரூபிப்பவன்தான் பெரிய ஆள், அவன் கடிதம்தான் அச்சேறும். ஒஹையோவில் பல் மருத்துவம் படித்த ஒருவன் எழுதினான்: நிசப்தன் குரல்களை விழுங்குகிறான், பேசினால் விழுங்கியதெல்லாம் வெளியே வந்துவிடும், ஆகவே பேசமாட்டான். ரஸ் அடுத்த இதழில் அறிவித்தார், எல்லாம் தன் திட்டமென்று. டோரீனைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பிழை நடந்ததென்று ஆகிவிடுமே.

4

(இந்த இடத்தில் டோரீனை நோயாளியாக்கலாமா என்று யோசித்தேன். உங்கள் கண்ணில் ஒரு சொட்டு வரும். ஆனால் அவள் குவீன்ஸ் பகுதியில் திடமாக இருக்கிறாள், புதன்கிழமை தோறும் பௌலிங் ஆடுகிறாள்.)

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள்.

"மறந்துட்டீங்கன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

"நான்தான் அப்படிச் சொன்னேன். வேணும்னே விட்டேன்னு சொல்லியிருந்தா இந்த ஊர்ல எவன்டா எனக்கு வேலை குடுத்திருப்பான்?"

பழைய டெலிபோன் டைரக்டரியை இழுத்துப் பிரித்தாள். நடுவில், மஞ்சளடித்துப்போய், அந்த முதல் இதழ், கூடவே பதினொரு பலூன்கள். ஒன்றைப் படித்தேன்: 'நடுங்கு, நகரமே, நடுங்கு! என் நாவே உன் நமன்!'

"மிச்சப் பத்தும் இதே லட்சணம்தான். பாரு அந்தப் படத்தை. அந்த மூஞ்சி. வாயைத் தொறந்தா கெட்டுச்சு. பதினொண்ணையும் வெட்டி முடிச்சேன், ஒட்டக் கை வரல."

"அப்போ அவனை ஊமையாக்கினது நீங்க."

"பின்ன? ரஸ்ஸா? அந்தாளு ஒரு நிமிஷம் வாய மூடி நீ பாத்திருக்கியா? என் பேரைப் போடு, கண்ணு. நாப்பது வருஷமா மறதிக்காரின்னு பேரு வாங்கினது போதும்."

போடுகிறேன் என்றேன். தெளிவாகவே சொன்னேன்.

5

மறுநாள் ரஸ் போன் செய்தார்.

"என்ன வெண்டல், குவீன்ஸ் பக்கம் போனியாமே? அந்தம்மா பாவம், நல்லா எழுதும். ஆனா ஞாபகமறதி. உனக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"நாலு."

"நல்லபடியா முடி."

முடிவு ஒன்று: 'உருவாக்கியவர்: டோரீன் கசாரியன்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து நடக்கிறேன். இதைப் படித்து என் மனைவி சிரித்தாள்.

முடிவு இரண்டு: 'உருவாக்கியவர்: ரஸ் ஹாலரன்'. அடித்துப் பார்த்தேன். உடனே அழித்தேன்.

முடிவு மூன்று என் சொந்தச் சரக்கு. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். யாரும் படித்துப் பார்க்கமாட்டார்கள், அப்படியே அச்சாகும். அவள் செய்ததையே நானும் செய்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. சொல்லிக்கொள்ள அவளுக்கே போன் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"காலியா விட்டா என்ன ஆகும்னு தெரியாதா? எவனாவது ஒருத்தன் லெட்டர் போடுவான், நிசப்தன் தன்னை உண்டாக்கினவன் பேரையும் முழுங்கிட்டான்னு. ரஸ் அதையும் தன் பிளான்னு சொல்லுவான்."

"நீங்க செஞ்சதைத்தானே நானும்..."

"நான் காலியா விட்டேன், வேலை போச்சு. நீ காலியா விடுற, உன் வேலை தப்பிக்குது. ரெண்டும் ஒண்ணா?"

வைத்துவிட்டாள்.

6

இத்தனை பக்கமாக ரஸ்ஸை ஏளனம் செய்தேன், ஒஹையோக்காரனை, கலிபோர்னியாவுக்குப் போனவரை. அப்போது எனக்குச் சுகமாக இருந்தது. இப்போது இல்லை.

கடைசித் திருத்தப் பிரதி மேசைமேல் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அச்சகத்து ஆள் வருவான். முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கு அவள் பெயர் தெரியும், என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். தெரியாதது எனக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் கையில் பேனா இருக்கிறதா? எழுதினால் உங்களுக்கு வேலை போகாது.

உருவாக்கியவர்: