நாலு நொடிக்கு மேல்

"அவரை முழுசாச் சொல்ல விடுங்கப்பா! கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களேன்னா அவரு எதுக்கு வந்து உக்காந்திருக்காரு?"

"நான் என்னம்மா பண்ணேன்? தம்பி நடுவுல நின்னாரு, எடுத்துக் குடுத்தேன். அது ஒரு தப்பா?"

பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நான் காது கொடுப்பதில்லை, சுவர் மெல்லிசு. ஜன்னல்களும் எதிரெதிராக அமைந்துவிட்டன, என் குற்றமா? ரேடியோ அறிவிப்பாளரும் அவருடைய ஒரே மகளும் நின்றுகொண்டு கத்தினார்கள். நாற்காலி நுனியில், மகளுக்குப் பிடித்துப்போன தச்சர். அவருக்குத் திக்குவாய். பெண் கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தார். முதல் முறை அவர் ஆரம்பித்த வாக்கியத்தை அறிவிப்பாளர் தானே மழைப் பேச்சில் கொண்டுபோய் முடித்தார். அடுத்த முறை கதவுக் கீல் ரிப்பேரில்.

"டெட் ஏர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒலிபரப்புல சத்தமே இல்லாமப் போறது. நாலு நொடி தாண்டுச்சுன்னா கேக்கிறவன் வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவான். முப்பது வருஷத்துல ஒரு தடவ விட்டிருப்பேனா?"

"இங்க கேக்கிறவ நான்தானேப்பா. நான் எங்கயும் போக மாட்டேன்."

அறிவிப்பாளர் உட்கார்ந்தார்.

"உங்க பொ... பொ..." தச்சருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

நான் எண்ணினேன். நாலு. அறிவிப்பாளரின் உதடு துடித்தது, கையால் பொத்திக்கொண்டார். ஒன்பது. என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, வழியட்டும். பதினாலு. 'பொண்ணைக் குடுங்கன்னு கேக்கிறாருய்யா' என்று நானே கத்தியிருப்பேன்.

"...பொண்ண நல்லா வச்சுப்பேன் சார்."

ஊருக்கெல்லாம் பேசிய மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மகள் அவர் முதுகில் கை வைத்தாள்.

கல்யாணம் முடிந்த கையோடு தச்சருக்குப் படகு கட்டும் இடத்தில் வேலை கிடைத்து, இருவரும் கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபோய்விட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதைப் பார்த்தேன். மனசு கேட்குமா?

"என்ன சார், லைன் கட்டாயிடுச்சா?"

போனின் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "ஷ்... மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்காரு."

பிறகு ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் நின்றார்.