ஒரு வீட்டில் இரண்டு எல்யாஷிவ்

எங்கள் லித்துவேனிய யூதக் குடும்பங்களில் செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால் மரண தூதன் ஆள் மாற்றித் தூக்கிப்போவான் என்று பயம். என் மனைவி ஸ்லாட்டாவின் அண்ணன் பட்டாளத்துக்குப் போய்க் காக்கசஸ் மலையில் செத்தான் என்று சேதி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தாள். அதன்பின் பிறந்த எங்கள் மகனுக்கு அவன் பெயரையே வைத்தாள். எல்யாஷிவ். தேவன் திரும்பக் கொண்டுவருவார் என்று பொருள். கொண்டுவந்துவிட்டார் என்று தொட்டிலைப் பார்த்துச் சிரிப்பாள்.

பையன் ஓடியாடும் வயதில், அண்ணன் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றான்.

நான் கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்லாட்டா பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரே கிடையாது. 'டேய்', 'இந்தா' என்று காலம் ஓடியது. ஒருநாள் மறந்துபோய்ப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் "ம்" என்றார்கள். அந்த வாரமே பையனுக்குக் காய்ச்சல்.

எங்கள் மதகுரு ரப்பியிடம் ஓடினேன். "பிள்ளைக்கு ஹயீம்னு இன்னொரு பேர் சேத்துடு. உயிர்னு அர்த்தம். தூதன் குழம்பிப் போயிடுவான்" என்றார். என் பெண்டாட்டிக்கு ரப்பியைவிட வேதம் தெரியுமாயிற்றே, ஒப்பவில்லை.

"தேவன் வாக்கு குடுத்த பேரு அது. அதுல கை வெச்சா, குடுத்ததைத் திருப்பி வாங்கிப்பார்" என்றவள் நேராக அண்ணனிடம் போனாள். "அண்ணா, நீ வேற பேர் வெச்சுக்கோயேன்."

சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பனியில கூட வந்தவனெல்லாம் உக்காந்த இடத்துலயே போயிட்டான், ஸ்லாட்டா. நான் என் பேரைச் சொல்லிச் சொல்லியே நடந்தேன். கொண்டுவருவார், கொண்டுவருவார்னு. வேற துணையே இல்ல."

"அதான் வந்துட்டியே. இனிமே அது எதுக்கு உனக்கு?"

அவன் அனலாய்க் கிடந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. அவனே வெச்சுக்கட்டும்."

ஜெப ஆலயத்தில் ரப்பி அண்ணனுக்கு ஹயீம் என்று பெயரிட்டார். பையனுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்தப் புதுப் பெயர் அண்ணனிடம் ஒட்டவில்லை. தெருவில் "ஹயீம்" என்றால் திரும்பமாட்டான். பழைய பெயருக்கும் திரும்பமாட்டான். எதற்கும் திரும்பாத ஒருவன் வீட்டுக்குள் நடமாடினால் எப்படியிருக்கும்? சொந்த மச்சானிடம் எனக்கே பயம் வந்தது.

பனி உருகியதும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எப்ப வருவே மச்சான்?"

"கொண்டுவருவார்னு சொல்ற பேரு உள்ள தூங்குது" என்றான், கோபமே இல்லாமல். "என்கிட்ட அப்படி யாரும் சொல்லலியே, மாப்ளே."

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இப்போதெல்லாம் கதவு தட்டப்பட்டால் ஸ்லாட்டா யாரென்று கேட்பதில்லை. அவன் வந்து நின்று, சொல்லப் பெயரில்லாமல் போய்விடுவானோ என்று ஓடிப்போய்த் திறந்துவிடுகிறாள்.