தண்ணிக்குள் ஓடும் மணிக்கூடு

"உது தண்ணிக்குள்ளை எத்தினை நாள் ஓடும், மிஸ்?" என்று பஞ்சலிங்கம் குணலட்சுமியைப் பார்த்துக் கேட்டான். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். பல்கலைக்கழகத்தில் அவளிடம் புவியியல் படித்தவன், கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடி நித்திரை கொண்டவன். எண்பத்து நாலில் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனான். இப்போது அவள் வீட்டு விறாந்தையில் நிற்கிறான். சேட்டுக்குள் இடுப்பருகே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போய்த் தொலைந்தது.

அவன் காட்டியது அவளுடைய சேறு பிடிக்கும் பொறியை. மேலே ஒரு புனல், கீழே வட்டத் தட்டில் போத்தல்கள். கடலடியில் இறக்கிவிட்டால், மேலிருந்து படியும் மண்ணும் சிப்பித்தூளும் புனல் வழியாகப் போத்தலுக்குள் விழும். வாரத்துக்கு ஒருதரம் தட்டுத் திரும்பி அடுத்த போத்தலைக் கொண்டுவரும். திருப்புவது, பழைய கைக்கடிகாரத்தின் குவாட்ஸை வைத்து அவளே ஈயத்தை உருக்கிப் பற்றாசு பிடித்துச் செய்த மின்மணிக்கூடு. பருத்தித்துறைக் கடலில் வாடைக்காற்றுக் காலம் முழுக்க அது பிசகாமல் ஓடியது. காற்று பலத்த வாரங்களில் கறுத்த சேறு, அடங்கிய வாரங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு! போத்தல்களைக் கண்டு அவள் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினாள்.

தாய் பூரணத்துக்குச் சேறு விளங்கவில்லை, மணிக்கூடு விளங்கியது. கோயிலிலும் சந்தையிலும் கண்டவர் நிண்டவருக்கெல்லாம், "என்ரை பிள்ளையின்ரை மணிக்கூடு கடலுக்கடியிலை ஓடுது" என்று சொல்லித் திரிந்தாள். பெற்ற வாயை யார் அடக்குவது? அந்தப் பேச்சுத்தான் இயக்கத்தின் காதுக்கும் போயிருக்கவேண்டும்.

நேரம் பார்த்துத் தண்ணீருக்கடியில் வேலை செய்யும் பொறிக்கு இவர்களிடம் வேறென்ன வேலை? போத்தலுக்குப் பதிலாகக் குண்டைத்தான் பூட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று செய்து கொடுத்தால் பத்துக் கேட்பார்கள். ஆமிக்குத் தெரிந்தால் வீடே மிஞ்சாது.

"அது சரிவரேல்லை. ரெண்டு நாளிலை தண்ணி பூந்து நிண்டிட்டுது. நீங்கள் வீணாய் அலைஞ்சிட்டியள்."

பஞ்சலிங்கம் சிரித்தான். "என்ன மிஸ், என்னை நீங்கள் எண்டுறியள்?"

வகுப்பில் அவனை என்றைக்கும் 'நீர்' என்றுதான் கூப்பிட்டாள். பாழ்பட்ட நாக்கு பயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒருக்காப் போட்டுப் பாப்பமே. கெதியாய்த் திரும்பிற மாதிரி வையுங்கோ" என்றபடி அவனே பொறியைத் தூக்கிக் கிணற்றடித் தொட்டிக்குக் கொண்டுபோனான்.

வாரக் கணக்கை நிமிடக் கணக்காக்கிவிட்டு மணிக்கூட்டுப் பெட்டியை மூடும்போது, திருகாணிகளை இறுக்குவதுபோலக் கையைத் திருப்பி, இறுக்காமல் விட்டாள். பொறி தொட்டிக்குள் இறங்கியது. பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு குமிழி மேலே வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நகுலேஸ்வரா, தண்ணி உள்ளை போகட்டும், எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் மன்றாடினாள்.

அடுத்த குமிழி வரவில்லை. ஒன்றுக்கு இரண்டாக றப்பர் வளையம் போட்டவள் அவள்தான். விளிம்பெல்லாம் கிறீஸை அப்பியவளும் அவள்தான். அவளைப் போலப் பைத்தியம் பிடித்த விசரி உலகத்தில் உண்டா? பெட்டியின் கண்ணாடி மூடிக்குள் சின்னச் சிவப்பு லைற் மின்னி மின்னி அணைந்தது. பஞ்சலிங்கம் குந்தியிருந்து அதையே பார்த்தான். இந்தக் கவனம் வகுப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. அவள் தொட்டிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பூரணம் தேத்தண்ணியோடு வந்தாள். "என்ன தம்பி, பிள்ளையின்ரை மணிக்கூடு பாக்கிறீரோ?"

பஞ்சலிங்கம் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினான்.

'டிக்' என்றது. தட்டு மெல்லத் திரும்பியது.

"பாத்தீரே! நான் சொன்னனான்தானே!" என்று பூரணம் பூரித்துப்போய் மகளின் முதுகைத் தடவினாள். பஞ்சலிங்கம் தேத்தண்ணியை வாங்கி அவசரமில்லாமல் ஆறுதலாகக் குடிக்கத் தொடங்கினான். தொட்டிக்குள் புதுப் போத்தல் ஒன்று, வாயைத் திறந்தபடி புனலுக்குக் கீழே வந்து நின்றது.