பெட்டிக்குள் போன கிட்டார்

தம்புசாமியின் சவப்பெட்டிக்குள் இருந்தது என்னுடைய கிட்டார். மூடி திறந்திருந்தபோதே பார்த்துவிட்டேன். மாலைகளுக்கு நடுவே, அவனுடைய இடது கையை ஒட்டிக் கிடந்தது. வால்யூம் குமிழ் அப்படியே இருந்தது. தம்புவின் கிட்டாரில் குமிழ் கிடையாது. "கொறைக்கப்போறதே இல்ல, அப்பறம் அது எதுக்குடா?" என்று வாங்கிய வாரமே பிடுங்கி எறிந்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு மொட்டைக் கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

பார்த்தேன், பேசாமல் இருந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான பதில் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் நான் பொய்ப்பல் செய்கிறேன். ஊசி போட்டு அனுப்புகிறவர்களிடம் டாக்டர் தவறாமல் ஒன்று சொல்வார்: மரத்தது தெளியும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் உங்களுக்குத் தெரியாது. தம்பு செத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன்.

அவன் செத்ததையும் சொல்லிவிடுகிறேன். கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். போர்ட் கிள்ளான் போகும் வழியில் நெஞ்சு வலித்திருக்கிறது. லோரியை ஓரமாக நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சிக்னல் விளக்கையும் எரியவிட்டுவிட்டுச் செத்துப்போயிருக்கிறான். மேடையில் ஒருநாளும் ஒழுங்காக நின்றவன் இல்லை. சாகும்போது மட்டும் அவ்வளவு ஒழுங்கு.

அந்த இரண்டு கிட்டார்களையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினோம். இருபது வருடம் ஆகிறது. இரண்டும் கறுப்பு. விலை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதில் ஒன்றுமே இல்லை. கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும் காந்தத்துக்குப் பிக்கப் என்று பேர். பெரிய ஆட்களின் கிட்டாரில் அது இரண்டு மூன்று இருக்கும், திருகுவதற்கு நாலைந்து குமிழ் இருக்கும். எங்களுடையதில் ஒரு பிக்கப், ஒரு குமிழ். தேன் மாதிரி ஒலி வேண்டும் என்றால் வேறு கடைக்குப் போக வேண்டியதுதான். பாட்டுக்கு மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், நான்காவது தெரிந்தால் தலைக்கனம் என்பான் தம்பு. எங்கள் பேண்டுக்கு 'ரோட்டி கோசோங்' என்று பேர் வைத்ததும் அவன்தான். உள்ளே முட்டையும் இல்லை, வெங்காயமும் இல்லை, வெறும் ரொட்டி. ட்ரம்ஸ் அடித்த ஜீவன் கல்யாணமாகி பெர்த் நகரத்துக்குக் குடிபோன பிறகும், நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் தம்பு வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருந்தோம்.

என்னுடையது அவன் வீட்டுக்குப் போன கதை இதுதான். கேபிள் சொருகும் ஜாக் அவனுடையதில் ஆடிப்போயிருந்தது. ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை எனக்குக் கைவரும். இப்படி ஏதாவது கெட்டால் கெட்டதை என்னிடம் விட்டுவிட்டு, என்னுடைய நல்லதை அவன் தூக்கிக்கொண்டு போவான். எத்தனையோ தடவை நடந்ததுதான். அந்தத் தடவை திருப்பி மாற்றிக்கொள்ள அவன் இல்லை.

மின்சுடலையில்தான் சிக்கல் வந்தது. அங்கே இருந்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மரம்னா பரவால்ல பாஸ், இரும்பு காந்தம்லாம் உள்ள போகக்கூடாது" என்றார். தம்புவின் அண்ணன் அய்யாவு விடுகிற ஆளா?

"அவன் உசுரா வச்சிருந்த பொருளு. கூடவே அனுப்பிடணும். இல்லன்னா அதத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "லெஸ்லி, நீதான வாசிக்கிற ஆளு? இரும்ப மட்டும் கழட்டுடா."

நான் கத்தோலிக்கன், எங்களில் இந்த வழக்கம் இல்லை. செத்தவன் தேடிக்கொண்டு வருவான் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இது அவனுடையது இல்லை அண்ணே என்று ஒரு வரி. காரிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கொண்டு வந்தேன். என்னுடைய கிட்டாரின் ஆறு கம்பிகளையும் நானே அவிழ்த்தேன். பிக்கப்பை நானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தம்புவின் மனைவி புனிதா பக்கத்தில் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வெறும் கட்டையைத் தூக்கி அவன் பக்கத்தில் வைத்தேன். மூடினார்கள், உள்ளே தள்ளினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செந்தூலில் எங்கள் ஃபிளாட்டில், அலமாரிக்குப் பின்னால் தம்புவின் கிட்டார் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி பிரெண்டா இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள்.

"புனிதாகிட்ட சொல்லிட்டீங்களா, மாறிப்போச்சுன்னு?"

"இல்ல."

"ஏன்?"

"அவ ஏதோ நிம்மதியா இருக்கா. புருசன் கிட்டாரோட போயிட்டான்னு. அதக் கெடுக்கணுமா?"

"நிஜமா அதுக்குத்தானா?" என்றாள் பிரெண்டா.

அவளிடம் மறைக்க முடியாது. அதற்கு மட்டும் இல்லை. சொன்னால் அந்தக் கிட்டாரைக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுக்க மனசில்லை. அழக்கூட வராதவனுக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் உறையைத் திறக்கவும் இல்லை. தினமும் வேலைக்குப் போனேன், பல் செய்தேன், வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. கடித்திருக்கிறேன். எப்போது என்று தெரியவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் உறையைத் திறந்து ஜாக்கை ஒட்டினேன். இரண்டு சொட்டு ஈயம், பத்து நிமிட வேலை. மறுநாள் அதைக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றா போனேன்? அதுவும் தெரியாது. போகும் வழியெல்லாம் சொல்லலாம் என்றும் வேண்டாம் என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. முன்கூடத்தில் தம்புவின் படம். படத்தில் தலைமுடியைப் படிய வாரி யாரோ வங்கி மேனேஜர் மாதிரி இருந்தான். படையலில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், அவனுடைய சிகரெட் பெட்டி. மூலையில் அவனுடைய பழைய ஆம்ப், மேலே துணி போர்த்தி. அய்யாவு வந்தவர்களிடம், "கிட்டார கூடவே அனுப்பிட்டோம், இனிமே வீட்டுப் பக்கம் வரமாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புனிதா என்னைப் பின்பக்கம் சமையலறைக்குக் கூப்பிட்டாள். சோற்றுப் பானையை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, அவரு கிட்டார் உங்ககிட்டதான இருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருவது வருசமா கூட்டிப் பெருக்குறேன்ணே. அந்த மொட்டக் கம்பி என் சேலைய எத்தன தடவ இழுத்துக் கிழிச்சிருக்கு தெரியுமா? பெட்டிக்குள்ள வச்சது உங்களதுதான். நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். நீங்க ஸ்க்ரூடிரைவரோட வந்தப்ப பயந்துட்டேன், சொல்லிருவீங்கன்னு. நீங்க சொல்லல." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "உங்க பொருள கேக்காம எரிச்சுட்டேன். தப்புதான். என்ன வேணா திட்டிக்குங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இருபது வருடக் கிட்டார். ஆனால் ஒன்றும் வரவில்லை. "ஏம்மா அப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டேன்.

"அவருத அனுப்பிட்டா வரமாட்டாருன்னு அய்யாவு மாமா சொன்னாரு." குரலைத் தாழ்த்தினாள். "வரட்டும்னுதான்ணே."

முன்கூடத்தில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் அசையவில்லை.

"பதினாறு நாளா இங்க உக்காந்துருக்கேன். அப்பறந்தான் தோணுச்சு, பொருளு உங்க வீட்லல இருக்கு, இங்க எதுக்கு வருவாருன்னு. அண்ணே, உங்க வீட்டுக்கு வந்தாரா?"

கேலி இல்லை. நேரடியாக, கடையில் சாமான் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"வரலம்மா."

"ஆம்ப்ல சொருகி வச்சிருந்தீங்களா?"

"இல்ல. உறைக்குள்ளதான் இருந்துச்சு."

"அப்ப எப்டித் தெரியும் வரலன்னு?" என்றாள் புனிதா.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இந்த ஒற்றைப் பிக்கப் கிட்டாருக்கு ஒரு குணம் உண்டு. ஆம்ப்பில் சொருகி வைத்தாலே போதும், யாரும் வாசிக்காமலே 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டிருக்கும். கம்பியில் கை பட்டதும் அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடியும் உறுமும். தம்பு ஆம்ப்பை அணைக்காமலே சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவான். அந்த உறுமல் கேட்டால் அவன் வாசலில் நிற்கிறான், அடங்கினால் திரும்பி வந்து கம்பியில் கை வைத்துவிட்டான் என்று அர்த்தம். சமையலறையில் இருந்தபடியே அவளுக்கு அது தெரியும்.

காருக்குப் போய்க் கிட்டாரை எடுத்து வந்தேன். கொடுக்க மனசில்லாமல்தான் எடுத்து வந்தேன். முன்கூடத்தில் அய்யாவு பார்த்துவிட்டார்.

"இது யாருதுடா?"

"என்னுதுண்ணே" என்றேன். "புனிதா இங்க வைக்கச் சொன்னா."

அவர் சந்தேகமாகப் பார்த்தார், மொட்டைக் கம்பியைக் கவனிக்கவில்லை. ஆம்ப் மேலிருந்த துணியை எடுத்தேன். கேபிளைச் சொருகினேன். கிட்டாரைத் தம்புவின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து, கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஆம்ப்பைப் போட்டேன். மொட்டைக் கம்பியை விரல் நுனியால் கடைசிவரை திருகினேன். என் கை இருந்ததால் சத்தமில்லை. புனிதா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கைய எடுங்கண்ணே" என்றாள்.

என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அங்கே யாரும் இல்லை என்று வீடு முழுக்கக் கேட்கும். பதினாறு நாளில் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

"எடுங்கண்ணே, அவரு வந்தா கைய வைக்கட்டும்."

கையை எடுத்தேன். கிட்டார் உறும ஆரம்பித்தது. வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புனிதா உள்ளே போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வலித்தது.