மொட்டை மாடியில் மூன்று நாள்

எங்கள் ஊருக்கு வடக்கே ஓர் ஆலை, தன் மின்சாரத்துக்கென்று நிலக்கரி உலை வைத்திருக்கிறது. இரண்டாவது உலையையும் கட்டி முடித்துவிட்டு, எரிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதினாலு மனு எழுதினேன். அரியலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுவதுதான் என் தொழில். தேதி, பொருள், பார்வை எதுவும் விடுபடாது. ஆனால் இந்தப் பதினாலும் என் மகள் சண்முகப்பிரியாவுக்காக எழுதியவை. ஒன்பது வயது. மார்கழி பிறந்தால் பனியும் புகையும் ஒன்றாய் இறங்கிவிடும். மாதம் முழுக்க அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். இன்னொரு உலை வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினாலாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. கார்த்திகைக் கடைசியில், காற்றை அளக்கும் கருவியை மூன்று நாள் எங்கள் மொட்டை மாடியில் வைத்தார்கள்.

கொண்டுவந்தவர் பெயர் அறிவரசன். "காத்துல இருக்குற தூசி பூரா இந்த வெள்ளைத் தாள்ல படியும் சார். தெனம் காலையில வந்து மாத்திக்கிறேன். எவ்ளோ கறுக்குதோ அவ்ளோ உங்களுக்கு நல்லது," என்றார். என் மனைவி பூமாலை அப்போது கீழே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "கவர்மெண்ட் பொருளு. பத்திரமாப் பார்த்துக்க."

மூன்றாம் நாள் காலை கடைசித் தாளை உருவிய அறிவரசன் முகம் சுளித்தார். "மூணு தாளும் வெளுப்பாவே இருக்கு. ஊட்டியிலகூட இப்படி வராதே சார்!"

பூமாலை பெருமையாகச் சொன்னாள்: "வராதுங்க தம்பி. பொட்டுத் தூசி ஏறவிடலையே! வேட்டியை நனைச்சுப் பிழிஞ்சு போத்திவெச்சேன். காஞ்சா திரும்ப நனைப்பேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். நம்ம வூட்டுக்கு வந்த பொருளு அழுக்காப் போச்சுன்னு பேரு வரக்கூடாதுல்ல?"

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னும் மூணு நாள் வைங்களேன்," என்றேன்.

"எனக்கு அதிகாரம் இல்ல சார். நடந்ததை எழுதுனா, அளவைக் கெடுத்தது நீங்கன்னு வரும். எழுதலன்னா, காத்து சுத்தம்னு வரும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நடந்ததை எழுதுங்க."

எழுதினார். 'மனுதாரர் வீட்டாரால் அளவீடு சிதைக்கப்பட்டது; மனு தள்ளுபடி' என்று பதினைந்து நாளில் பதில் வந்தது. அதே வாரம் இரண்டாவது உலையும் எரியத் தொடங்கியது.

எரியத் தொடங்கிய மூன்றாம் நாள் விடிகாலை பூமாலை மகளின் துணிகளைப் பையில் திணித்தாள். "சிறுவாச்சூர்ல எங்க அக்கா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ் ஏத்தி வுடுங்க."

"எத்தன நாளைக்கு?"

"அந்தப் பொகைகிட்ட போய்க் கேளுங்க."

சாலையோரம் நின்றோம். பனியும் புகையும் மூடியதில், நீட்டிய என் கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது. சண்முகப்பிரியா வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஏறவேண்டிய பெரம்பலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நானும் பூமாலையும் கை காட்டினோம், கத்தினோம். மஞ்சளாய் இரண்டு வெளிச்சம் எங்களைத் தாண்டிப் போனது. சத்தம் தேய்ந்து அடங்கியது.

அடுத்த பஸ் ஒன்பது மணிக்குத்தான்.