சந்தனம் பூசிய கண்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனுஷன் சொன்னால் காதில் ஏறாது; நேற்று வந்த பெட்டி சொன்னால் வேதவாக்கு. பெண்ணைக் கொடுத்த மாமனார் பேச்சுக்கும் அதே கதிதான் என்று வேம்புலிக்கு ஆத்திரம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டும் பிரஸ்ஸிலேயே கிழவரானவர் அவர். பக்கத்து பிரஸ்ஸில் மருமகன் வரதன். மணிக்கட்டில் தோல்வார் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். பிரஸ் இறங்கும்போது வார் கையைப் பின்னால் இழுத்துவிடும். எழுபத்தி நாலில் வரதனுடைய பிரஸ்ஸில் மட்டும் வாரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு மின்சாரக் கண்ணும் அதற்கொரு பெட்டியும் வைத்தார்கள். அந்தப் பக்கம் விளக்கு, இந்தப் பக்கம் கண்ணாடிக் கண். நடுவில் கை போனால் பிரஸ் இறங்காது.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். கண்தானே பெரிய சாமி என்று வரதன் அதன் மேலேயே கெட்டியாகப் பொட்டு வைத்தான். லீவு முடிந்து வந்து பார்த்தால் பிரஸ் அசையவில்லை. அடித்த பீஸுக்குத்தான் கூலி, அது குறைகிறதே என்ற தவிப்பில் பெட்டியைத் திறந்து, கண்ணிலிருந்து வரும் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினான். பிரஸ் தடதடவென்று இறங்கியது. கண் குருடாய்க் கிடக்க, கை மட்டும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வேம்புலிதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

இன்ஜினியர் ராஜசேகரன் வந்து சந்தனத்தைத் துடைத்தார், முறுக்கைப் பிரித்தார். கோபப்படாமல் விளக்கினார்: கண் பார்க்கும், பெட்டி யோசிக்கும், கிளட்ச் நிறுத்தும், மூன்றும் சேர்ந்ததுதான் இந்த மிஷின். கண்ணை மறைத்ததும் ஓடாமல் நின்றது பழுதில்லை, அதுதான் அதன் புத்தி. ஒரு சவுக்குக் குச்சியை உள்ளே நீட்டினார். பிரஸ் பாதியில் நின்றது.

வேம்புலி குச்சியை வாங்கித் தாமே நீட்டினார். நின்றது. இன்னொரு தரம் நீட்டினார். அப்போதும் நின்றது.

"வயர முறுக்கினா, சார்?"

"முறுக்கக் கூடாது பெரியவரே. பெட்டிக்குப் பூட்டு போட்டுடறேன்."

வரதன் சிரித்தான். "பூட்டே போடறாங்க மாமா. அப்பறம் இன்னா பயம் ஒனக்கு?"

"பெட்டிய நம்பறேன்னே வெச்சுக்க. ஒன்ன எப்டி மாப்ள நம்பறது? ஒனக்கு அவசரம்னா பூட்டு எத்தினி நேரம் தாங்கும்? வாரும் கட்டிக்கினு செய். நாளைக்கு எம் பொண்ணு ஒனக்குச் சோறு ஊட்டிக்கினு குந்தக் கூடாது."

வார் கட்டினால் பாதி பீஸ்கூடத் தேறாது, நாலு பேர் சிரிப்பார்கள் என்று வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்ஜினியரும் வார் தேவையில்லை என்றுதான் சொன்னார். அதற்குள் வரதன் அடுத்த தகட்டை உள்ளே தள்ளியிருந்தான்.

கண் பார்க்கும், சரி; இவன் பார்ப்பானா என்று முனகிக்கொண்டே வேம்புலி தம் பிரஸ்ஸை நோக்கி நடந்தார்.